அக்கா கட்டிலுக்குப் புதுப் பாலிஷ்

ஜூலை 20, சனி

என் அக்கா உலகம்மாளை அவள் புருஷன் வீட்டார்தான் கொன்றார்கள்.

குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது. நம்புவது சுலபம், ஈரத் தரை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் சித்திரையில் எங்களையும் கூப்பிட்டார்கள். அப்பா, "எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்லய்யா" என்றார். அம்மா அழுதாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று அவளுடைய சீர் கடையநல்லூரிலிருந்து மினி லாரியில் வந்து இறங்கியது. தேக்குக் கட்டிலும் கண்ணாடி மேஜையும். இரண்டும் அப்பா கையால் செய்தவை. செங்கோட்டையில் நல்லபெருமாள் ஆசாரி கட்டில் என்றால் மரக்கடைக்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அக்காவுக்கென்று செய்தபோது வெளிவேலை எல்லாவற்றையும் தள்ளிப்போட்டார். தலைமாட்டுப் பலகை முழுக்கத் திராட்சைக் கொடி. ஒரு இலை மாதிரி இன்னொரு இலை இருக்காது.

டிரைவர் கட்டிலைத் தலைகீழாக ஏற்றி வந்திருந்தான், அடியில் சாக்குகூடப் போடாமல். அப்பா அவனைத் திட்டவில்லை. பட்டறையில் இடம் ஒதுக்கி, வெயில் படாத மூலையில் வைக்கச் சொன்னார்.

"சீர் திரும்பி வந்துட்டு" என்றாள் அம்மா.

ஜூலை 21, ஞாயிறு

நான் ரத்தம் எடுக்கப் போகும் லேபுக்கு விடுமுறை. காலை முழுக்கக் கட்டில்தான்.

அம்மா ஈரத்துணியோடு வந்தாள். பிடுங்கி எறிந்தேன். ஒரு ஆசாரியைக் கட்டி இத்தனை வருஷமாகியும் அவளுக்கு இது மட்டும் வராது. காய்ந்த பழைய வேட்டித் துணியால், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே துடைக்க வேண்டும். கொடி வேலைக்குள் தூசி போக அப்பாவின் பழைய சவர பிரஷ். திராட்சைக் குலைகளுக்கு நடுவில் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகப் பிடித்திருந்தது. அக்காவின் தலைமுடி ஒன்று நீளமாக வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடி மேஜையின் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் பிசுபிசுவென்று, பாலிஷ் கரைந்து மரம் தெரிந்தது.

"தண்ணி கொட்டிருக்கும்ட்டி" என்றாள் அம்மா.

"தண்ணி பட்டா வெளுக்கும்மா. இது கரைஞ்சிருக்கு. பாலிஷுக்கு அவலரக்க ஸ்பிரிட்டுலதான கரைக்கோம்? அதே மாதிரி எதையோ கொட்டித்தான் இது போயிருக்கு."

"சென்ட்டு பாட்டில் சரிஞ்சிருக்கும்."

"அக்கா எந்தக் காலத்துல சென்ட்டு போட்டா? பவுடர் டப்பா ஏன் இம்புட்டுச் சீக்கிரம் தீந்துதுன்னு கேக்குற வீடு அது."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது அவர்கள் சொன்ன முதல் வார்த்தை, "எங்க சிதம்பரகுமாருக்கு டீ, காப்பிப் பழக்கம்கூடக் கிடையாது." அந்த மனிதரை இனி நான் அத்தான் என்று எழுதப் போவதில்லை.

ஜூலை 23, செவ்வாய்

சாரல். துணிகூடக் காயவில்லை. இந்த ஈரத்தில் பாலிஷ் போட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும். அப்பா உளி தீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 26, ஆடி வெள்ளி

கடையநல்லூர் அத்தை வந்தாள். சிதம்பரகுமாரின் அம்மா. கூடவே அக்கா மகள் மித்ரா. அக்கா போனபிறகு குழந்தையை முதல்முறையாகக் கண்ணில் காட்டுகிறார்கள். இளைத்திருக்கிறாள். மூன்று வயசுக்குப் பேச்சு குறைந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் "சித்தி" என்று சொல்லிவிட்டு, அது சரிதானா என்பதுபோல் அத்தை முகத்தைப் பார்த்தாள்.

அத்தை நேராகப் பட்டறைக்குப் போனாள். கட்டில் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, புதுசு மாதிரி ஆயிரணும். பழைய கற எதுவும் தெரியக் கூடாது."

"சாரல் நிக்கட்டும்" என்றார் அப்பா.

"ஆவணி பொறந்துட்டா நமக்கு நேரமில்ல பாத்துக்கிடுங்க."

சீர் திரும்பி வந்துவிட்டது என்றுதானே அம்மா சொன்னாள்? பிறகு இவளுக்கு என்ன அவசரம்? செத்தவள் படுத்த மரத்தை அப்படியே போட்டு வைத்தால் தீட்டு என்று நினைப்பார்களாக இருக்கும். எனக்கு மித்ராவுக்குச் சோறு ஊட்டுகிற வேலை இருந்தது. அதனால் கேட்கவில்லை.

ஊட்ட வந்தால் குழந்தையைக் காணோம். கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வாடி என்றேன். வரவில்லை.

"நீயும் வா சித்தி. சத்தம் போட்டா இங்க வந்துரணும்."

"யாருடி சத்தம் போடுதா? இங்க யாரும் போடல."

"இப்பம் போடல" என்றாள்.

நானும் குனிந்து உள்ளே போனேன். அடியிலேயே வைத்து ஊட்டினேன். நன்றாகச் சாப்பிட்டாள். அத்தை கூப்பிட்டதும் வாயிலிருந்ததை விழுங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால்தான் மேடு பள்ளம் நிழல் கட்டும். பாலிஷுக்கு முன்னால் அப்பா எப்போதும் செய்கிறது. இன்று நான் செய்தேன்.

தலைமாட்டுப் பலகையில் இடது பக்கம் மட்டும் பிறை பிறையாகப் பள்ளங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக. வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

கட்டிலில் இடது பக்கம் ஏறி, பலகையில் சாய்ந்து உட்கார்ந்தேன். எதிரில் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டேன். என் வளையல் போய்ப் பலகையில் இடித்தது. எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். என் வளையல் பட்ட இடமும் அந்தப் பிறைகளும் ஒரே உயரம்.

அக்காவும் நானும் ஒரே உயரம். அவள் பாவாடைகளை நான்தான் போட்டுத் தீர்த்தேன்.

போனில் படம் எடுத்தேன். எப்படி எடுத்தாலும் படத்தில் மரம் மரமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 31, புதன்

லேபில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு மகளிர் காவல் நிலையம் போனேன். அங்கே இருந்த எஸ்.ஐ. அம்மா நல்லவராகத் தெரிந்தார். அல்லது களைத்திருந்தார். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இது என்னம்மா, பலகை."

விளக்கிச் சொன்னேன். வளையல், உயரம், இடது பக்கம் எல்லாம்.

"நீ சொன்னா, தங்கச்சிக்காரி ஆத்திரத்துல பேசுதான்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. உங்கப்பா விசாரணையில சந்தேகம் இல்லன்னு சொல்லிருக்காரு. அவரு வரட்டும். பொண்ணப் பெத்தவரு, கட்டிலும் அவரு செஞ்சது. இது இதனால விழுந்த அடின்னு அவரு வாயால சொல்லட்டும், நான் மறுபடி மேல எழுதுதேன். அதுவரைக்கும் அந்தக் கட்டில்ல யாரும் கை வைக்காம பாத்துக்கோ."

அப்பா சொன்னால் போதும். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அப்பாவிடம் சொன்னேன். டார்ச்சையும் கையில் கொடுத்தேன். வாங்கி, எரியவிடாமல் பக்கத்தில் வைத்தார்.

"மரம்னா அடி படத்தான் செய்யும் தாயி."

"எதனால பட்ட அடின்னு உங்களுக்குப் பாத்தாலே தெரியும்லாப்பா."

"சாரல் விட்டுருச்சு பாத்தியா" என்றார். வெளியே வெயில் அடித்தது உண்மைதான்.

பயந்த மனுஷன். வாழ்க்கை முழுக்கப் பெரிய வீடுகளில் போய் வேலை செய்தவர். அவர்கள் சொல்கிற அளவுக்குச் சட்டம் அறுத்து, அவர்கள் சொல்கிற இடத்தில் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வந்தவர். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கொஞ்சம் நாள் கொடுத்தால் வருவார்.

கட்டிலைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தொட்டுவிட்டார்.

லேபிலிருந்து வந்தபோதே பட்டறையில் ஆவி வாசனை. ஈர மரத்தைச் சூடு பண்ணினால் வருகிற வாசனை. அப்பா நனைத்த துணியைத் தலைமாட்டுப் பலகையில் விரித்து, இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அமுங்கின மரம் ஆவி குடித்தால் உப்பி எழும்பிவிடும். பழைய பாலிஷை முழுக்க ஸ்பிரிட் போட்டு எடுத்திருந்தார். பிறைகள் எல்லாம் எழும்பிவிட்டன. டார்ச் அடித்தேன். வழவழவென்று போனது வெளிச்சம்.

"என்னப்பா செஞ்சீங்க!"

"கண்ணால பாக்க முடியல ஏளா."

"தொடாதீங்கன்னு சொன்னேன்லா. தலைய ஆட்டுனீங்க."

"தினம் இதுக்குள்ளதான் கெடக்கேன். எங்கன திரும்பினாலும் அதுதான் தெரியுது. ஒரு குறையோட மரத்த எப்படி அப்படியே விடுவேன்?"

மகளை விட்டீர்களே என்று கேட்டேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அவள் கையைக் கடித்துவிட்டேன்.

பாலிஷ் போன இடத்தில், கொடியின் ஒரு இலைக்குக் கீழே, எழும்பாத இடம் ஒன்று இருக்கிறது. வட்டமாக, செங்கல் நிறத்தில் ஒரு அடைப்பு. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

தலைவலி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மா என்னை நிற்க வைத்து ரவிக்கைக்கு அளவெடுத்தாள். யார் கல்யாணம் என்று கேட்டேன். டேப்பைத் தோளில் வைத்தபடியே இருந்தாள்.

"கோபப்படாமக் கேளு கோமு."

அவள் சொன்னது அத்தனையும் எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆவணி பிறந்தால் நேரமில்லை என்று அத்தை சொன்னபோதே. அக்கா போன பதினாறாம் நாள், கூடத்தில் நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தபோதே. சீர் திரும்பி வரவில்லை. இந்தக் கட்டில் பாலிஷுக்குத்தான் வந்திருக்கிறது. பாலிஷ் முடிந்து திரும்பப் போகும். என்னோடு.

"அக்கா வீட்டுக்குத் தங்கச்சி போறது புதுசா? ஊரு உலகத்துல நடக்காததா? சித்தி வளத்தாதான் பிள்ளைக்கு அம்மா மாதிரி. வெளிய இருந்து ஒருத்தி வந்தா மித்ராவுக்குச் சூடு போடுவா."

"அக்காவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும்மா."

"உனக்கு நடக்காது. நீ அவள மாதிரி இல்ல. நீ வாயாடி."

அக்கா வாயில்லாததால்தான் செத்தாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

மித்ராவையும் நினைத்துப் பார்த்தேன். நான் போனால் அவள் கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டியதில்லை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு, நான் மேலே இருப்பேன், அவள் அடியிலேயேதான் இருப்பாள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அந்த அடைப்பு.

மரத்தில் நார் அறுந்து ஓட்டை விழுந்தால் ஆவிக்கு எழும்பாது. மரத்தூளை அரக்கில் குழைத்து அடைப்பார்கள். எல்லா ஆசாரியும் காவி சேர்ப்பார்கள். அப்பா மட்டும் பழைய செங்கல்லை உரசி அந்தப் பொடியைச் சேர்ப்பார். காவி பின்னால் கறுத்துவிடும், செங்கல் நிறம் மாறாது என்பார். செங்கோட்டையில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் செய்த அடைப்பைப் பாலிஷுக்கு மேலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அக்கா கல்யாணத்துக்கு இந்தக் கட்டில் போனபோது அதில் ஒரு அடைப்பும் கிடையாது. அந்தப் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவள் நான். விரல் நுனிகள் எரிய எரியத் தேய்த்தேன். அந்த இலைக்குக் கீழே எனக்குத் தெரியாத ஓட்டை இருந்திருக்க முடியாது.

போன ஐப்பசியில் அக்கா குழந்தையோடு வந்து இங்கே தங்கினாள். தலைதீபாவளி இல்லை, விசேஷமும் இல்லை. ஏன் வந்தாள் என்று கேட்டால், "கட்டில் ஆடுது, தூக்கம் வரல" என்றாள். சிரித்தோம். நானும் சிரித்தேன். திரும்பிப் போக மாட்டேன் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் அப்பா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கட்டிலச் சரி பண்ணிக் குடுத்துட்டு வாரேன்" என்று அவளையும் குழந்தையையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். சாயங்காலம் தனியாக வந்தார். "ஒரு குறையும் இல்ல, எல்லாம் முறுக்கி விட்டாச்சு" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பஸ் அலைச்சல் என்று நினைத்தோம்.

இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி இரண்டாம் நாள். அத்தை பூவும் தட்டும் கொண்டு வந்தாள். மித்ராவுக்குப் புதுச் சட்டை. சிதம்பரகுமார் வரவில்லை. கடையில் வேலையாம்.

"வா ஏளா, இப்படி உக்காரு. பூ வச்சு விடுதேன்."

"எனக்குச் சம்மதம் இல்ல அத்தை."

"ஆரம்பத்துல எல்லாப் பிள்ளையளும் இப்படித்தான் சொல்லும்."

"உங்க மகன் குடிச்சிட்டு எங்கக்காவ அடிச்சாரு. கட்டில்ல இருந்துச்சு அடையாளம். இப்பம் எங்கப்பா அத எடுத்துட்டாரு."

பூ அவள் கையிலேயே இருந்தது. அம்மா, "மதினி, அவ ஏதோ தெரியாம..." என்று ஆரம்பித்தாள். அத்தை அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினாள்.

"ரத்தம் எடுக்குத வேலைக்குப் போனதும் எல்லாம் தெரிஞ்சிபோச்சு, என்ன? சரி. எம் மவனுக்குப் பொண்ணு கெடைக்காமலா போவும்? வேற எடத்துல எடுத்துக்கிடுதோம். ஆனா ஒண்ணு. அப்புறம் பிள்ளையப் பாக்கணும் கிள்ளையப் பாக்கணும்னு யாரும் எங்க வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"குழந்தைய இங்க விட்டுட்டுப் போங்க. நான் வளக்கேன்."

"தகப்பன் இருக்கையில உனக்கு எதுக்கு?"

சத்தம் கூடியிருந்தது. மித்ரா அதற்குள் பட்டறைக்குப் போயிருந்தாள். எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருந்தது. நேராகப் போய்க் குனிந்து, ஒரு கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அப்பா பட்டறையில்தான் இருந்தார். கையில் பஞ்சுத்துணி.

"அண்ணாச்சி, கட்டிலு பேத்திக்கு உள்ளது. அத முடிச்சு வையுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி வரும்" என்றாள் அத்தை.

"சரிம்மா" என்றார்.

அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அதுதான்.

ஆகஸ்ட் 21, புதன்

எஸ்.ஐ. அம்மா போன் செய்தார். "அப்பா வாராரா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

கட்டில் முடிந்துவிட்டது. இத்தனை அழகாக அது கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அந்த அடைப்பு இருந்த இடத்தை நான் தேடினேன், கிடைக்கவில்லை. நாளை வண்டி வரும். வேறு ஏதோ ஊரிலிருந்து எவளோ ஒருத்தி இதில் வந்து உட்காரப் போகிறாள். அவள் அப்பனுக்கு இது பழைய கட்டில் என்றுகூடத் தெரியாது. எங்கள் அப்பா அவ்வளவு நல்ல வேலைக்காரர்.

மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கடைசியாக மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஸ்டேஷனுக்கு வாங்கப்பா. இப்பமே போவோம். அடையாளம் போனா போகட்டும். நீங்க பாத்ததச் சொன்னா போதும்."

நகரு என்பதுபோல் கையைக் காட்டினார்.

"போன ஐப்பசியில போயி ஓட்டைய அடைச்சீங்கல்லா? செங்கப்பொடி போட்டு? அப்பம் தெரியும்லா உங்களுக்கு?"

கை நின்றது.

"கட்டில் ஆடவே இல்ல. மூட்டுல முளை ஒண்ணுகூட அசையல. அவள அங்க விட்டுட்டு வரணும்கிறதுக்காக அடைச்சீங்க. நீங்க வேலை செய்யும்போது அவ பக்கத்துல நின்னுருப்பா. பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நின்னுருப்பா. பொத்திப் பொத்திப் பாலிஷ் போட்டுருப்பீங்க, அவ பாத்துக்கிட்டே இருந்திருப்பா."

அவர் துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்ப்பா. ஸ்டேஷனுக்குக்கூட வர வேண்டாம். நீங்க பையத் தூக்கிக்கிட்டு அங்கருந்து கெளம்புனப்ப அவ உங்ககிட்ட என்ன சொன்னா? அத மட்டும் சொல்லுங்க."

மெழுகு டப்பாவை எடுத்து மூடினார்.

"என்ன சொன்னா எங்கக்கா? சொல்லுங்கப்பா."